போன் பில்லைப் பாதியாக்கிய பெட்டி! தெரியுமா?

பிராட்பேண்ட் வயரில் ஒரு குட்டிப் பெட்டி, அந்தப் பெட்டியில் வீட்டிலிருந்த பழைய போன். அவ்வளவுதான்! இதை வைத்தே அமெரிக்காவின் ஜாம்பவான் கம்பெனிகளை ஒரு புதுக் கம்பெனி கதிகலங்க வைத்தது தெரியுமா? கம்பெனியின் பெயர் வோனேஜ். கடையை விரித்தது 2002-இல்.

ரிசீவரை எடுத்ததும் 'கொய்ங்ங்' என்று கேட்குமே டயல் டோன், அதை அனுப்புவது யார்? எக்ஸ்சேஞ்ச் என்பீர்கள். இங்கே அந்தப் பெட்டியே போடுகிறது! பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். கரண்ட் போனாலும் பேசலாம். இதில்? வீட்டில் கரண்ட் கட் என்றால் போனும் கட்!

நாம் 'ஹலோ' சொன்னால் குரல் முழுசாகப் போகும் என்றா நினைக்கிறீர்கள்? துண்டு துண்டாகத்தான் போகும்! பொதுவாக நொடிக்கு 50 பொட்டலம். பத்தே நிமிடப் பேச்சில் உங்கள் பக்கமிருந்து மட்டும் 30,000! இன்னும் வேடிக்கை கேளுங்கள். யாரும் பேசாதபோது எதுவும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அந்த நிசப்தத்தில், 'லைன் கட்டாயிடுச்சோ?' என்று எதிர்முனைக்காரர் போனை வைத்துவிடுவாரே! அதனால் லேசான ஒரு இரைச்சலைச் செயற்கையாகக் கலக்கிறார்கள்!

சரி, விலைச் சண்டைக்கு வருவோம். 2004 செப்டம்பர் கடைசியில், ஏ.டி. அண்ட் டி. தன் இன்டர்நெட் போனின் மாதக் கட்டணத்தை 34.99 டாலரிலிருந்து 29.99 ஆக்கியது. வோனேஜ் சும்மா இருக்குமா? சூட்டோடு சூடாக 24.99-க்கு இறங்கியது! தொலைபேசி உலகின் தாத்தா ஒரு பொடியனோடு ஐந்தைந்து டாலராக ஏலம் விட்டதைப் பார்த்தீர்களா? தாத்தா ஜெயிக்கவில்லை. 2009-இல் அந்தச் சேவையையே ஊற்றி மூடினார்.

பெட்டியை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் எண் மாறாது! நியூஜெர்சி எண்ணைக் கலிபோர்னியாவில் வைத்துப் பேசலாம். அதிசயம்தான், ஆனால் ஆபத்தும் அதிலேதான். 911 என்று அவசர உதவிக்கு அழைத்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எதிர்முனைக்கு எப்படித் தெரியும்? 2005 மே மாதம், தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., இதைச் சரிசெய்யக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கெடு 120 நாள்!

அதே 2005-இல் இன்னொரு கூத்து. மேடிசன் ரிவர் என்ற சிறிய தொலைபேசிக் கம்பெனி, தன் வயரிலேயே தன் போட்டியாளர் ஓடுவதா என்று இன்டர்நெட் போனுக்கான வழியையே அடைத்துவிட்டது! எஃப்.சி.சி. தலையிட்டதும் கட்டியது எவ்வளவு? 15,000 டாலர். கொசுக்கடிதான்!

26 கோடியே 90 லட்சம் டாலர் வருமானம் வரும் கம்பெனி, விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் எவ்வளவு செலவு செய்யும்? வோனேஜ் 2005-இல் கொட்டியது 24 கோடி டாலருக்கும் மேல்! மறு வருஷம் 17 டாலருக்குப் பங்கு விற்றது. முதல் நாளே 14.85-க்குச் சரிவு! பங்கு கேட்டிருந்த சொந்த வாடிக்கையாளர்களிலேயே சிலர், பணம் தர முடியாது என்று கையை விரித்தார்கள்! 2007-இல் பேட்டன்ட் வழக்கு வேறு. போட்டித் தொலைபேசிக் கம்பெனியான வெரைசானுக்கு 5 கோடியே 80 லட்சம் டாலர் தரச் சொன்னது ஜூரி. சில மாதங்களில் ஸ்பிரின்ட்டுக்கும் 6 கோடியே 95 லட்சம்!

வருஷத்துக்கே 199 டாலர்தான் என்று ஆசை காட்டிய இன்னொரு இன்டர்நெட் போன் கம்பெனி சன்ராக்கெட்டைத் தெரியுமா? 2007 ஜூலையில் ஒருநாள் திடீரென இழுத்து மூடிவிட்டது. நடுத்தெருவில் நின்ற வாடிக்கையாளர்கள் 2 லட்சத்துக்கும் மேல்! பலர் வருஷ சந்தாவை முன்பணமாகக் கட்டியவர்கள். ஆதரவு எண்ணுக்குப் போன் போட்டால், இனி அழைப்புகளை ஏற்பதில்லை என்று பதிவுக்குரல் சொல்லி வழியனுப்பியது! 'வருஷ பிளான்ல லாபம்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கம்பெனி ஞாபகம்தான் வரும்.

விலை உடைந்தது அமெரிக்காவில் மட்டுமா? ஜப்பானில் சாஃப்ட்பேங்க் கம்பெனி 2002-இல் தந்த 'பிபி போன்' என்ற இன்டர்நெட் போனில் 3 நிமிடத்துக்கு 7.5 யென். பக்கத்துத் தெருவுக்கும் அதுதான், அமெரிக்காவுக்கும் அதுதான்!

2009-இல் வோனேஜ் விட்ட அஸ்திரம் என்ன தெரியுமா? அதே 24.99 டாலருக்குள் 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அளவில்லாப் பேச்சு! அதில் இந்தியாவும் அடக்கம். காலிங் கார்டு வாங்கி, ரகசிய எண்ணைச் சுரண்டி, நிமிடத்தை எண்ணி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தானே!

ஆனால் இந்தச் சண்டையில் கொழுத்த லாபம் யாருக்கு? விலையை உடைத்த பொடியனுக்கில்லை, டிவி கேபிள்காரருக்கு! வயர் சொந்தம், டிவியோடும் இன்டர்நெட்டோடும் போனையும் சேர்த்துக் கட்டினால் முடிந்தது கதை. கேபிள் கம்பெனியான காம்காஸ்ட் 2005-இல்தான் இன்டர்நெட் வழி வீட்டு போனில் இறங்கியது. 2009-இல் அமெரிக்காவின் மூன்றாவது பெரிய வீட்டு போன் கம்பெனி! வோனேஜோ சுமார் 26 லட்சம் இணைப்போடு மூச்சு வாங்கி நின்றது.

கடைசியில் வோனேஜ் என்ன ஆனது? 2022-இல் 620 கோடி டாலருக்கு விலைபோனது! வீட்டு போனுக்காகவா? ஊஹூம், கம்பெனிகளுக்கு அது விற்றுவந்த மென்பொருள் சேவைகளுக்காக! வாங்கியவர் ஸ்வீடனின் எரிக்சன். பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அதே 1876-இல், தந்தி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி அது!