எம்டன் கப்பலுக்கு எத்தனை புகைபோக்கி?

பத்தாம் வகுப்பு மாணவி, சுந்தரபாண்டியம்

துடுக்கான பிள்ளையைப் பார்த்து, "இவள் சரியான எம்டன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஒன்பதரை மணியளவில், அது அன்றைய மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு மறைந்தது. அந்த நவம்பரிலேயே கப்பல் அழிந்துபோயிற்று. பெயர் மட்டும் நூறாண்டுக்கு மேலாகத் தமிழில் மிதந்துகொண்டிருக்கிறது.

பள்ளிக் கண்காட்சிக்காக அக்கப்பலின் மாதிரி உருவம் ஒன்றைப் பெரிய அளவில் செய்வதென்று எங்கள் வகுப்பில் முடிவாயிற்று. மாதிரி செய்வதென்றால் அட்டை, பசை, வர்ணம் இவற்றோடு முடிகிற வேலை என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் வக்கீல் வேலை என்பது செய்பவர்களுக்குத்தான் தெரியும். யார் சொன்னார், எப்போது சொன்னார், எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் அளவைப் பார்ப்போம். எம்டனின் நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் செய்தால் 118 சென்டிமீட்டர் நீளம் வரும்; கணக்கும் எளிது. நாங்கள் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். 2 மீட்டர் 36 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டடி. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால்தான் நிற்கும். சிறிய மாதிரியில் ஒரு மாலுமி வெறும் புள்ளி. ஐம்பதில் ஒரு பங்கில் அவன் மூன்றரை சென்டிமீட்டர் உயரம். தொப்பியும் கையும் காலும் வேண்டும். கதவு, ஏணி, கயிறு எல்லாமே கண்ணுக்குத் தெரியும். உருவம் பெரிதாகப் பெரிதாகத் தெரியாததை மழுப்புவதற்கு இடம் குறைந்துகொண்டே போகிறது.

பீரங்கிகள் பத்து. முன்தளத்தில் அக்கம்பக்கமாக இரண்டு, பின்தளத்தில் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. ஒவ்வொன்றின் குழலும் 4.2 மீட்டர் நீளம். நம் கணக்கில் 8.4 சென்டிமீட்டர். மூங்கில் குச்சியைச் சீவித் தேய்த்தால் போதும். புகைபோக்கிக்கு ராஜபாளையம் நூற்பாலைகளிலிருந்து வரும் அட்டைக் கூம்புகள் வசதியாயிருக்கும் என்று ஒரு தோழி சொன்னாள். அவை ஒரு முனையில் குறுகுபவை. எம்டனின் புகைபோக்கிகளோ மேலும் கீழும் ஒரே பருமன். ஆகவே அட்டையைத்தான் சுருட்ட வேண்டியிருந்தது.

இனி வர்ணம். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். எம்டன் வெள்ளையா, சாம்பலா? இரண்டும் சரி! சமாதான காலத்தில் அது வெண்ணிற உடலும் மஞ்சள் கலந்த புகைபோக்கிகளுமாகச் சீனக் கடற்கரையில் உலவியது. "கிழக்கின் அன்னம்" என்று அதற்குச் செல்லப்பெயர் கூட உண்டு. போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசிக்கொண்டது. சென்னையைச் சுட்டது சாம்பல் கப்பல்தான். வெள்ளைக் கப்பலைச் செய்துவிட்டு அடியில் "சென்னையைத் தாக்கிய எம்டன்" என்று எழுதினால், படம் சரி, பெயர் சரி, இரண்டையும் சேர்த்தது தவறு. ஆகவே "எந்தக் கப்பல்?" என்பதற்கு அடுத்த கேள்வி "எந்த நாள்?" என்பதே.

அயல்நாடுகளில் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளைப் பெரிய மாதிரிகளாகச் செய்பவர்கள் இந்தக் கேள்வியில்தான் இராப்பகலாக மூழ்கிக் கிடக்கிறார்கள். டைகர் என்ற டாங்கி 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 1,350 கட்டப்பட்டது. அதற்குள் எத்தனை மாற்றங்கள்! முதலில் வந்தவை கருஞ்சாம்பல் நிறம். 1943 பிப்ரவரிக்குப் பின் அடர்மஞ்சள். முதலில் சக்கரங்களுக்கு ரப்பர் விளிம்பு. 1944-இல் இரும்பு விளிம்பு. நடுவே ஓராண்டு காலம், காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்க உடலெங்கும் வரிவரியாக ஒரு சாந்து பூசினார்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் இரும்பு விளிம்புச் சக்கரத்தோடு ஒரு டைகரை ஒருவர் செய்தால், அது எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவராத டாங்கி. இங்கிலாந்தில் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் 1943-இல் துனீசியாவில் பிடிபட்ட டைகர் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஒவ்வொரு திருகாணியையும் சரிபார்க்கிறார்களாம். கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எனக்குப் பிடித்த பைத்தியக்காரத்தனம்.

நம் கப்பலுக்கு வருவோம். எம்டனின் சொந்தப் புகைபோக்கிகள் மூன்று. நான்கு என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. யார்மத் என்ற ஆங்கிலேயக் கப்பலுக்குப் புகைபோக்கி நான்கு. அதைப்போல் தோன்றுவதற்காக மரச்சட்டமும் துணியும் கொண்டு நான்காவதாக ஒன்றைப் பொய்யாக எழுப்பி வைத்தார்கள். அந்த வேஷத்தில்தான் 1914 அக்டோபர் 28-ஆம் நாள் விடியுமுன் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது எம்டன். எங்கள் மாதிரியில் நான்காவது புகைபோக்கியைக் கழற்றி மாட்டும்படி அமைத்தோம்.

துலக்கிய பித்தளைப் பாத்திரம்போல் மினுமினுக்கக் கூடாது என்பதும் ஒரு செய்தி. சென்னைக்கு வந்தபோது அது பல வாரங்களாகத் தன் துறைமுகம் காணாத கப்பல். நடுக்கடலில் மூட்டை மூட்டையாய்க் கரி ஏற்றியதில் தளமெல்லாம் கரித்தூள். அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசியது பிறகு அக்டோபரில், டியாகோ கார்சியா தீவில்தான். (அத்தீவு மக்களுக்குப் போர் மூண்ட சேதியே தெரியாதாம்!)

கொடியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜெர்மனி என்றதும் ஹிட்லரின் ஸ்வஸ்திகக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933-இல். எம்டன் அழிந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. எம்டனில் பறந்தது பேரரசரின் போர்க்கொடி: வெள்ளைத் துணியில் கருஞ்சிலுவை, நடுவே வட்டத்துக்குள் கழுகு, மேல் மூலையில் கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகள். இதைச் சின்ன விஷயமென்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஸ்வஸ்திகக் கொடியின் கீழ் லட்சக்கணக்கான யூத மக்கள் கொல்லப்பட்டார்கள். எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லரோ, தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி அனுப்பியவர் என்று எதிரிகளாலேயே பாராட்டப்பட்டவர். ஒருவர் தலையில் மற்றவர் பாவத்தைச் சுமத்தலாமா?

எம்டன் நீர்மூழ்கிக் கப்பல் என்றும் நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. இருளில் திடீரெனத் தோன்றித் திடீரென மறைந்ததால் வந்த கற்பனை அது. கரியால் ஓடிய, மூன்று புகைபோக்கி வைத்த கப்பல் தண்ணீருக்குள் எப்படி முங்கும்?

மிகவும் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தாம் வழிகாட்டினார் என்று பலரும் சொல்கிறார்கள்; அச்சிலும் வந்திருக்கிறது. எங்கள் மாதிரியைப் பார்க்க வந்த பெற்றோர் ஒருவர், "தளத்தில் அவரை நிற்க வையுங்கள், பார்ப்பவர்களுக்குப் பெருமையாயிருக்கும்" என்றார். எங்களுக்கும் ஆசைதான். மூன்றரை சென்டிமீட்டர் பொம்மைக்கு வேட்டி கட்டவா, கோட்டு போடவா என்றுகூடப் பேச்சு நடந்தது. ஆனால் நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இடிக்கிறது. எம்டன் 1914 ஜூலை இறுதியில் சீனக் கடற்கரையிலுள்ள சிங்தாவோவிலிருந்து புறப்பட்டது. அதன்பின் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. செண்பகராமன் பிள்ளை அக்காலத்தில் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லின் போனார். இடையில் அவர் எங்கே, எப்படி அக்கப்பலில் ஏறியிருக்க முடியும்?

"ஒரு தமிழரின் பெயரை எடுத்துவிட்டீர்களே" என்று அந்தப் பெரியவருக்கு வருத்தம். 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து, இளவயதிலேயே கடல் கடந்து போய், 1915-இல் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசுக்கு வெளிநாட்டு அமைச்சராக அறிவிக்கப்பட்டவர் அவர். எம்டனில் ஏறியதாகச் சொன்னால்தானா அவருக்குப் பெருமை? தளத்தில் நிறுத்தாமல், பக்கத்திலேயே அவருக்கென்று தனி அட்டை எழுதி வைத்தோம். எங்கள் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "இதுதான் சரி" என்று மட்டும் சொன்னார்.

கப்பலுக்குப் பின்னே கரையையும் வரைவதாயிருந்தால் ஓர் எச்சரிக்கை. மெரினாவில் இப்போது நிற்கும் கலங்கரை விளக்கத்தை வரைந்துவிடாதீர்கள். அது 1977-இல் வந்தது. 1914-இல் விளக்கு உயர்நீதிமன்றக் கட்டிடத்தின் உச்சியில் எரிந்தது. போர் நடந்துகொண்டிருந்தும் ஊரில் விளக்குகளை அணைக்கவில்லை. எதிரிக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்த வெளிச்சம் கடலிலே வெகுதூரம் தெரிந்தது. துறைமுகத்தில் குறைந்தது ஐந்து மாலுமிகள் மாண்டார்கள். நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் எம்டன் சிக்கியபோது, அதில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எங்கள் மாதிரியின் பீடத்தில் இவ்விரு எண்ணிக்கைகளையும் கப்பலின் நீள அகலத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

சென்னைக்குச் செல்லும் தோழியர் உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டைப் பார்க்கலாம். கோட்டை அருங்காட்சியகத்தில் குண்டின் துண்டு ஒன்றும் இருக்கிறது. பார்த்து வருபவர்கள் அதன் பருமனைக் கண்ணால் அளந்து வந்து சொன்னால், எங்கள் கப்பலுக்குக் குண்டுகளும் செய்துவிடுவோம்.