எல்லைத் தெய்வமும் ஒற்றை வாக்கும்: ‘மண்டேலா’ திரைப்படத் தலைமைப் பாத்திரத்தில் சமயக் குறியீடுகள்

முன்னுரை

மடோன் அஸ்வின் எழுதி இயக்கி 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘மண்டேலா’ அரசியல் அங்கதப் படமாகவே பெரிதும் பேசப்பட்டது. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த வசனம் ஆகியவற்றுக்கான விருதுகளை அது பெற்றது. கதை நிகழும் சூரங்குடி கற்பனையூர்; எனினும் அப்பெயருடைய ஊர் கோவில்பட்டியை உள்ளடக்கிய தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளம் வட்டாரத்தில் உண்டு. யோகிபாபு ஏற்ற முடிதிருத்துநர் பாத்திரத்தைக் கரிசல் வட்டார எல்லைத் தெய்வ மரபோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது. இயக்குநரின் நோக்கம் இதுவே என்பது கட்டுரையின் துணிபன்று; வட்டாரப் பார்வையாளர் அறிந்த வழிபாட்டு மரபு படத்தின் நகைச்சுவைக்குச் சேர்க்கும் பொருளே இங்கு ஆராயப்படுகிறது.

மரத்தடியும் பீடமும்

கரிசல் ஊர்களில் சுடலைமாடன், கருப்பசாமி, முனியசாமி முதலிய தெய்வங்கள் பெரும்பாலும் ஊர் விளிம்பில், மரத்தடியில், திறந்தவெளிப் பீடங்களில் உறைவன. அவை ஊரைக் காப்பவை. ஆயினும் ஊர் நடுவில் இடம்பெறாதவை. படத்தின் நாயகரும் மரத்தடியில் வாழ்பவர். ஊரார் அனைவருக்கும் அவர் வேண்டும். ஆனால் வீட்டின் முன்வாயில் அவருக்கு உரியதன்று. தென்மாவட்டங்களில் முடிதிருத்தும் சமூகத்தார் இறப்புச் சடங்குகளில் இன்றியமையாத பங்கு வகித்து வந்துள்ளனர். தேவைப்படுதலும் விலக்கப்படுதலும் ஓரிடத்தே கூடும் இந்நிலை எல்லைத் தெய்வத்திற்கும் அவருக்கும் பொதுவானது.

பெயர் பெறுதல்

வில்லுப்பாட்டில் தெய்வத்தின் பெயரும் பிறப்பும் வளர்ப்பும் முறையாகப் பாடப்பட்ட பின்னரே அருள் இறங்கும் என்பது நம்பிக்கை. நாயகருக்கோ ‘இளிச்சவாயன்’ என்னும் ஏளனப் பெயரே உண்டு. அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்க முயலும்போது, ஊழியரான தேன்மொழி ‘நெல்சன் மண்டேலா’ எனப் பெயரிடுகிறார். அப்பெயருக்குரிய தென்னாப்பிரிக்கத் தலைவர் 1994ஆம் ஆண்டுத் தேர்தலில், தம் 75ஆம் வயதில்தான் முதன்முறையாக வாக்களித்தார். பெயரும் வாக்கும் மனிதத் தகுதியின் அடையாளங்களாக இவ்வாறு இணைகின்றன.

படையலும் பலியும்

இரு சாதிப் பிரிவுகளின் வாக்குகள் சமமாக நிற்க, மண்டேலாவின் வாக்கே ஊராட்சித் தேர்தல் முடிவைத் தீர்மானிக்கும் நிலை எழுகிறது. உடனே இரு தரப்பினரும் பரிசுகளைக் கொண்டுவந்து குவிக்கின்றனர். நேர்த்திக்கடன் செலுத்துவோரின் பணிவு அவர்களிடம் தோன்றுகிறது. இப்பணிவு வாக்குக்கு உரியதேயன்றி மனிதருக்கு உரியதன்று. அதனாலேயே எண்ணியது கைகூடாதபோது படையலிட்ட கைகளே மிரட்டலிலும் தாக்குதலிலும் இறங்குகின்றன.

நெல்லைப் பகுதி நாட்டார் மரபில் வன்கொலைக்கு உள்ளானோர் தெய்வமாதல் பெருவழக்கு. நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’ இதற்குச் சான்று. சாதி கடந்து மணந்து, ஆநிரை காக்கும் போரில் மாண்ட முத்துப்பட்டன், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். செருப்பு அங்குக் காணிக்கையாகிறது. உயிரோடிருந்தபோது ஊர் ஏற்காத ஒருவனை இறந்தபின் வணங்கும் இம்மரபில் அச்சமும் குற்றவுணர்வும் கலந்துள்ளன. ‘மண்டேலா’ இவ்வழியிலிருந்து விலகுகிறது. நாயகர் பலியாகித் தெய்வமாவதில்லை. உயிருள்ள குடிமகனாகவே மதிப்புப் பெறுகிறார்.

வரத்தின் திசைமாற்றம்

தனக்கெனப் பெற்றுவந்தவர், பின்னர்த் தம் வாக்கை முன்வைத்துச் சாலை, குடிநீர், கழிப்பறை போன்ற பொதுவசதிகளை ஊருக்குக் கேட்கிறார். வானம் பார்த்த பூமியில் தெய்வத்திடம் மழை வேண்டுவது வழக்கம். இங்கோ ‘தெய்வ’ நிலையில் வைக்கப்பட்டவரே அதிகாரத்திடம் வேண்டுகிறார். அவ்வேண்டுதல் உரிமைக் கோரிக்கையாக மாறுகிறது. இறுதியில் ஊரார் அவர் பக்கம் நிற்பது வரம் பெற்றோரின் நன்றி மட்டுமன்று; சக மனிதரை ஏற்றதன் அடையாளமும் ஆகும்.

முடிவுரை

மரத்தடி, பெயரிடுதல், படையல், வரம் என்னும் கூறுகள் இப்பாத்திரத்தை எல்லைத் தெய்வ மரபோடு இணைக்கின்றன. எனினும் அவரைத் தெய்வமாக மட்டும் வாசிப்பது அவர்மீது நிகழ்ந்த சாதி இழிவைப் புனிதத்தால் மூடிவிடும். வணங்குதலும் விலக்கிவைத்தலின் ஒரு வடிவமாகலாம் என்பதை நகைச்சுவை வழியே உணர்த்துவதில்தான் இக்குறியீட்டின் பயன் உள்ளது.