ஆக்ஸ்போர்டு முதல் உத்தர்பாரா வரை

கொல்கத்தாவின் தெருக்களில் மஞ்சள் வண்ணம் பூசிய, உருண்டு திரண்ட வாடகை மகிழுந்துகள் நெடுங்காலம் நிறைந்திருந்தன. அம்பாசிடர் என்னும் அம்மகிழுந்தை முழுக்க முழுக்க இந்திய ஊர்தி என்றே பலரும் கருதுவர். அதன் பிறப்பிடமோ இங்கிலாந்து.

ஆக்ஸ்போர்டு நகரில் மிதிவண்டிக் கடை நடத்தியவர் வில்லியம் மோரிஸ். அவர் 1913இல் தம் முதல் மகிழுந்தை உருவாக்கி, அதற்குத் தம் பெயரையும் ஊர்ப்பெயரையும் இணைத்து 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' எனப் பெயரிட்டார். அப்பெயரில் பல வகைகள் வெளிவந்தன. அவற்றுள் 1956இல் வந்த மூன்றாம் வரிசையே நம் அம்பாசிடரின் மூலவடிவம்.

அது குடும்பத்திற்காகச் செய்யப்பட்ட ஊர்தி. நான்கு கதவுகள், முன்புறமும் பலகைபோல் நீண்ட ஒரே இருக்கை. கியர் மாற்றும் கோல் தரையில் இல்லாமல் திசைமாற்றியின் தண்டிலேயே பொருத்தப்பட்டதால், ஓட்டுநர் அருகில் இருவர் நெருங்கி அமரலாம். இங்கிலாந்தில் 1959இல் புதிய வடிவம் வரவே, பழையது வழக்கொழிந்தது.

இந்தியாவில் நடந்ததோ வேறு. 1942இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், உரிய உரிமையைப் பெற்று, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் அம்பாசிடரைத் தயாரித்தது. உயர்ந்த அடிப்பகுதி மேடுபள்ளச் சாலைகளுக்கு ஏற்றதாயிற்று. பழுதானால் சாலையோரத்துப் பணிமனையிலேயே சீர்செய்துவிடலாம். அமைச்சர்கள் வெண்ணிற அம்பாசிடரில் பவனி வந்தனர்.

எனினும், அதன் நீண்ட வாழ்வுக்கு உறுதி மட்டுமே காரணமன்று. அயல்நாட்டு மகிழுந்துகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டிலும் அரசின் உரிமமின்றி எவரும் மகிழுந்து தயாரிக்க இயலாத நிலை அன்று இருந்தது. ஆகவே, மும்பையின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சிலவே அதற்குப் போட்டி. (ஹெரால்டும் ஆங்கிலேய ஊர்தியின் வழிவந்ததே!) பணம் கட்டிய பின்னும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வேறு வழியற்ற மக்களிடம் விற்ற நிறுவனத்திற்குத் தன் ஊர்தியைச் செம்மைப்படுத்தும் தேவை எழவில்லை.

1983இல் மாருதி 800 வந்தது. சிறிய, சிக்கனமான அவ்வூர்தியை மக்கள் விரும்பி வாங்கினர். அதன்பின் அம்பாசிடரில் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் இயந்திரமும் பொருத்தப்பட்டது. கூரையின் வளைவும் கதவுகளின் அமைப்பும் ஏறத்தாழ 1956இல் இருந்தவாறே நீடித்தன. 2014 மே மாதத்தில் உத்தர்பாராத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், அம்பாசிடர் என்னும் பெயரை மட்டும் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.