சித்திரையில் சமைத்த மாதக் கடைசி

கத்திரி வெயில் இறங்கிக்கொண்டிருக்கும் மாலை. மொட்டை மாடியில் விரித்த பழைய வேட்டியிலிருந்து ஒரு கூழ் வடகத்தை எடுத்து அப்பத்தா என் கையில் வைப்பார்.

“ஒடிச்சுப் பாரு ஆத்தா. படக்குன்னு ஒடியுதா?”

“வளையுது அப்பத்தா.”

“அப்ப இன்னொரு வெயில் வேணும்.”

மறுநாள் மாலையும் அதே சோதனை நடக்கும். ‘படக்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் வடகம் தகர டின்னுக்குள் போகும். சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் வீட்டில் காய்ந்த பக்குவத்தை வெயில் கணக்கில்தான் சொல்வார்கள். கொத்தவரங்காய்க்கு மூன்று வெயில், சுண்டைக்காய்க்கு ஐந்தாறு வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

அந்த டின்களுக்கு வேலை வந்தது மாதக் கடைசியில். 25ஆம் தேதி தாண்டினால் காய்கறிக் கூடை காலியாகிவிடும், கையில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருக்கும். அந்த நாட்களிலும் ஆறு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். சோறு, வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், பொரித்த வடகம். சின்ன வயதில் அதை விசேஷச் சாப்பாடு என்றே நினைத்திருந்தேன். நானே ஒரு வீட்டை நடத்தத் தொடங்கிய பிறகுதான், அந்தச் சாப்பாட்டில் பாதி சித்திரை மாதமே சமைக்கப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

காய் மலிந்த நாளில் எடுத்து வைத்து, காசு குறைந்த நாளில் எடுத்துப் பரிமாறுவது ஒரு கைத்தொழில். அதற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஒவ்வொரு டின்னும் ஏன் கெடாமல் இருக்கிறது, எதை எதோடு சேர்த்தால் வயிறும் நிறைந்து உடம்பும் தேறும் என்பது விளங்கும்.

கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வது

காய் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாவும் பூஞ்சையும். இரண்டுக்கும் உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். ஆனால் ஒரு பொருளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் கட்டுப்படாமல் தனித்து நிற்கிறது என்பதுதான் முக்கியம். உணவியலாளர்கள் இதை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. பச்சைக் காய்கறிகள் அதற்கு மிக அருகில் நிற்கும். 0.91க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.6க்குக் கீழே போய்விட்டால் பூஞ்சை உட்பட எந்த நுண்ணுயிரும் வளராது. நன்றாகக் காய்ந்த வற்றல் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் பொருள்.

கொத்தவரங்காயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு கிலோ காயில் திடப்பொருள் 200 கிராம்தான். ஈரம் பத்து சதவீதம் ஆகும்வரை காயவைத்தால் கையில் மிஞ்சுவது 220 கிராம் அளவு. சந்தையில் காய் மலிந்து கிடக்கும் வாரத்தில் ஐந்து கிலோ வாங்கினால், அது ஒரு கிலோ சொச்சமாகச் சுருங்கி ஒரே டின்னில் அடங்கிவிடும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம்.

வெறும் வெயில் மட்டும் போதாது, காற்றும் ஓட வேண்டும். காயிலிருந்து வெளியேறும் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போனால்தான் அடுத்த ஆவி வெளியே வரும். அதனால்தான் காயைக் குவித்து வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புகிறோம். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்து வைப்பதற்கும் காரணம் உண்டு. இரவில் காற்றின் ஈரப்பதம் ஏறும். பகல் முழுக்க வெயில் எடுத்த தண்ணீரில் ஒரு பங்கை வற்றல் இரவிலேயே திரும்பக் குடித்துவிடும்.

வளைவதும் ஒடிவதும்

இனி அப்பத்தாவின் சோதனைக்கு வருவோம். கூழ் வடகத்துக்கு அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கக் கொதிக்கக் கிளறுவார்கள். மாவுச்சத்தின் துகள்கள் சுமார் 70 டிகிரி சூட்டில் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, உடைந்து கூழாகின்றன. உப்பு, சீரகம், அரைத்த பச்சை மிளகாய் சேர்த்துக் கரண்டியால் வேட்டியில் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றினால் மறுநாள் மேல்புறம் காய்ந்திருக்கும். வேட்டியைத் திருப்பிப்போட்டு முதுகில் தண்ணீர் தெளித்துச் சற்று விட்டால், வடகம் பிய்யாமல் உரிந்து வரும். பிறகு அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்ட வேண்டும்.

ஈரம் இருக்கும்வரை மாவுச்சத்தின் நீண்ட இழைகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து அவற்றை வழுக்கவிடுகிறது. அதனால் வடகம் வளைகிறது. ஈரம் குறையக் குறைய இழைகள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. ஓர் அளவுக்குக் கீழே போனதும் முழு வடகமும் கண்ணாடியைப் போல இறுகிவிடுகிறது. பொருளறிவியலில் இதைக் ‘கண்ணாடி நிலை’ என்பார்கள். கண்ணாடி வளையாது, ஒடியும். அந்த நிலை வந்துவிட்டதா என்பதை அப்பத்தா காதால் அறிந்தார்.

அப்படிக் காய்ந்த வடகத்திலும் பத்து சதவீதம் அளவுக்கு ஈரம் ஒளிந்திருக்கும். பொரியவைப்பது அந்த மிச்ச ஈரம்தான். காய்ந்த எண்ணெயில் போட்டதும் இறுகிய மாவு இளகுகிறது, உள்ளிருந்த நீர் நீராவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருகும். அந்த அழுத்தம் இளகிய மாவை ஊதிப் பெரிதாக்க, அடுத்த நொடியில் ஈரமெல்லாம் போய் அது அப்படியே விறைத்து நிற்கிறது. காயாத வடகம் உப்பாமல் எண்ணெய் குடிப்பதும், கடிக்கும்போது இழுப்பதும் ஈரம் மிகுந்து போனதால். சரியாகக் காய்ந்த வடகம் எண்ணெயையும் மிச்சப்படுத்தும். மாதக் கடைசியில் ஒரு கரண்டி எண்ணெய் மிஞ்சினாலும் லாபம்தான்.

பகலில் வெயில், இரவில் மோர்

சுண்டைக்காய்க்கு வெயில் மட்டும் போதாது. தோல் தடிப்பு, உள்ளே கசப்பு. ஒவ்வொரு காயையும் கல்லால் லேசாகத் தட்டி வாய் பிளக்கச் செய்து, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். காலையில் வடித்து வெயிலில் பரப்பி, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுவார்கள். மோர் வற்றும்வரை இப்படி மூன்று நான்கு நாள் ஓடும். பிறகு கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவைப்பார்கள். மோர் மிளகாய்க்கும் இதே பக்குவம்தான்.

இந்தப் போக்குவரத்துக்கு அர்த்தம் இருக்கிறது. தட்டினால் தோல் திறந்து ஈரத்துக்கு வழி கிடைக்கிறது. உப்பு காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுப்பதோடு, மிச்சமிருக்கும் நீரையும் தன்னோடு கட்டிவைத்துக் கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது. மோரின் லாக்டிக் அமிலம் பல பாக்டீரியாக்களை அண்டவிடாது. பகலில் வெயில் தண்ணீரை எடுத்துவிடுவதால், இரவில் உறிஞ்சும் மோரின் உப்பும் புளிப்பும் காய்க்குள்ளேயே தங்கி, ஒவ்வொரு நாளும் செறிவு கூடுகிறது. காய் முழுதாகக் காய்வதற்குள் கெட்டுப்போகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

பருப்பு டப்பாவின் கணக்கு

வற்றல் நாக்குக்கு ருசி தரும். வயிற்றையும் உடம்பையும் தாங்குவது அரிசியும் பருப்பும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். எத்தனையோ வீடுகளில் மாதக் கடைசி அடுப்பு எரிவது இந்தப் பையை நம்பித்தான்.

நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு அரை கிலோ அரிசியும் 150 கிராம் துவரம்பருப்பும் எடுத்துக்கொள்வோம். அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்கு புரதம், அதாவது 35 கிராம். பருப்பில் நூற்றுக்கு 22 பங்கு, அதாவது 33 கிராம். மொத்தம் 68 கிராம், ஆளுக்கு 17 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராமும் புரதம் பரிந்துரைக்கிறது. ஒரே வேளையில் அதில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது.

அளவைப் போலவே தரமும் முக்கியம். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதால்தான் பருப்புச் சோறும் இட்லியும் பொங்கலும் வெறும் சோற்றைவிடப் பல படி மேலானவை. மாதக் கடைசியில் நம் கை முதலில் குறைப்பது பருப்பைத்தான். குறைக்கக் கூடாததும் அதுதான், குறிப்பாக வளரும் பிள்ளைகளின் தட்டில்.

குழம்பாக வைத்தால் போதாத பருப்பைத் துவையலாக்கினால் எல்லோருக்கும் வரும். இரண்டு கைப்பிடி துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, நான்கு காய்ந்த மிளகாய், இரண்டு பல் பூண்டு, உப்பு, சுண்டைக்காயளவு புளி சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் சூடான சோற்றில் பிசைந்து நான்கு பேர் சாப்பிடலாம். ஊறவைத்த பருப்பை அரைத்து உருட்டி, ஆவியில் வேகவைத்துப் புளிக்குழம்பில் போட்டால் பருப்பு உருண்டைக் குழம்பு. காயே இல்லாத நாளில் தட்டில் காய் இருந்த நிறைவைக் கொடுக்கும்.

தக்காளி இல்லாத குழம்பு

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது பல வீடுகள் திகைத்து நின்றன. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் குழம்புக்குப் புளிப்புக் கொடுத்தது புளி. புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். கொட்டை நீக்கி, வெயிலில் காட்டி, கல்லுப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைத்தால் வருடம் முழுக்க வரும். டார்டாரிக் அமிலம் நிறைந்திருப்பதால் எளிதில் கெடாது.

வத்தக்குழம்பு இந்த இருப்பறையின் உச்சம். நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, வற்றலை வறுத்து, புளிக்கரைசலும் குழம்புப் பொடியும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். புளிப்பும் உப்பும் மேலே மிதக்கும் எண்ணெயும் சேர்ந்து காப்பதால் மறுநாளும் தாங்கும், ருசியும் கூடும். சின்ன வெங்காயம் மலிந்த நாளில் அதை இடித்து, ஊறவைத்த உளுந்து, பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலையோடு பிசைந்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம் வீட்டில் இருந்தால், வெங்காயம் விலையேறிய மாதத்திலும் குழம்பின் மணம் குறையாது.

டின்னுக்குள் கவனிக்க வேண்டியவை

காயவைப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. சூடு ஆறாமல் மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் படியும். ஈரக் கரண்டி ஒருமுறை போனாலும் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு வெயில் காட்டி எடுத்து வைப்பது நல்லது. துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைத்தால் வண்டின் முட்டைகள் மூச்சுவிட முடியாமல் அழியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நிலக்கடலையிலோ தானியத்திலோ வற்றலிலோ பூஞ்சை பூத்திருந்தால், துடைத்துக் காயவைத்துச் சமைக்காதீர்கள். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்லடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு, அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. காசு இல்லாத நாளில் ஒரு டப்பாவைக் கொட்ட மனம் வராது, தெரியும். ஆனாலும் கொட்டிவிட வேண்டும்.

வெயில் எடுத்துக்கொள்வதும் உண்டு. காயும்போது வைட்டமின் சி பெரும்பகுதி அழிந்துவிடும். அதைத் திரும்பப் பெறவும் அலமாரியிலேயே வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி பச்சைப்பயற்றை ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் இரண்டு நாளில் முளைவிடும், முளையில் வைட்டமின் சி புதிதாக உண்டாகும். பக்கத்தில் முருங்கை மரம் இருந்தால் ஒரு கொத்துக் கீரை போதும். உப்பிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. மோரில் ஊறிய வற்றலைக் குழம்பில் போடும் நாளில் தனியாக உப்பைக் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வற்றலைச் சுடுதண்ணீரில் அலசிவிட்டுப் போடலாம்.

இப்போது நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பில். பால்கனியில் காலை நான்கு மணி நேரம்தான் வெயில். அப்பத்தாவின் மூன்று வெயில் எனக்கு ஐந்தாறு வெயிலாகிறது. போன சித்திரையில் இரண்டு கிலோ கொத்தவரங்காயை வாங்கி, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்துத் தாம்பாளத்தில் பரப்பினேன். நான்காம் நாள் மாலை மகளைக் கூப்பிட்டு ஒரு வற்றலைக் கையில் கொடுத்தேன்.

“ஒடிச்சுப் பாரும்மா.”

“இன்னும் வளையுதும்மா.”

இன்னொரு வெயில் காத்திருந்தோம். அந்த டின் ஐப்பசி மழையில், 28ஆம் தேதி, எங்கள் நான்கு பேருக்கும் சோறு போட்டது.