உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரில் மூழ்கும் எண்ணெய்!

எண்ணெய் என்றால் மிதக்கும். கிராம்புத் தைலமோ தண்ணீரைவிட அடர்த்தியானது. ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்கினால், முத்து முத்தாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். காரணம் அதிலுள்ள யூஜெனால் என்ற வேதிப்பொருள். நல்ல தைலத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை இதுதான். பல் மருத்துவரிடம் போனால் மூக்கில் ஏறும் அந்த வாசனையும் இதனுடையதே: துத்தநாக ஆக்சைடு பொடியில் யூஜெனாலைக் குழைத்துத்தான் தற்காலிக அடைப்பு வைப்பார்கள். ஆய்வுக்குப் பிடித்த மீனை மயக்கவும் கிராம்புத் தைலம் உதவும்; ஜப்பானில் வாள் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெயிலும் அது உண்டு.

நம் கன்னியாகுமரி மலைக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பல்வலிக்குத் தைலத்தை அப்படியே வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும். தேங்காய் எண்ணெயில் ஓரிரு சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு வையுங்கள். வலி மரத்துப்போகும், சொத்தை ஆறாது; டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் இதை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. குழந்தைகள் ஓரிரு டீஸ்பூன் விழுங்கினாலே வலிப்பு வரலாம், கல்லீரல் கெடலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.