பனிச்சரிவு

தொலைவிலிருந்து காண்பார்க்குப் பனிமலை அமைதியின் உருவமாகத் தோன்றும். கதிரவன் ஒளியில் வெள்ளியென மின்னும் அதன் சரிவுகளில் ஆபத்து உறையக்கூடும் என எவரும் எண்ணார். ஆயினும், ஐரோப்பாவிலுள்ள ஆல்ப்ஸ் மலைவாணர் அவ்வெண்மையை எளிதில் நம்புவதில்லை. 1950-51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அம்மலைநாடுகளில் பனிச்சரிவுக்கு இரையானோர் 250 பேருக்கும் மேற்பட்டவர். 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், ஆஸ்திரியா நாட்டுக் கால்ட்டூர் என்னும் சிற்றூரில் பாய்ந்த பனி 31 உயிர்களைக் கவர்ந்தது. மென்மையான பனிக்கு இத்துணை வன்மை எவ்வாறு வந்தது?

மலைமேற் பெய்யும் மழைநீர் உடனே வழிந்தோடிவிடும். வெண்பனியோ விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். ஒவ்வொரு பொழிவும் முன்னதன்மேல் ஓர் அடுக்காகப் படியும். இவ்வடுக்குகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. தெளிந்த வானமுள்ள இரவுகளில் பனியின் மேற்பரப்பு கடுங்குளிர் அடையும். நிலத்தை ஒட்டிய அடிப்பகுதியோ அவ்வளவு குளிர்வதில்லை. அப்போது பனிக்குள் உள்ள நீராவி கீழிருந்து மேலே செல்கிறது. அதனால் பனித்துகள்கள் தம்முள் ஒட்டாத, சர்க்கரை மணி போன்ற படிகங்களாக மாறுகின்றன. அவற்றின்மேல் புதுப்பனி பொழிய, காற்றும் பிறவிடத்துப் பனியை வாரிக் கொணர்ந்து குவிக்க, மேலடுக்கு இறுகிப் பாளமாகிறது. சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் கனத்த பலகையை வைத்து, இரண்டையும் சாய்த்துப் பிடித்தாற்போன்ற நிலை இது.

எல்லாச் சரிவுகளும் ஒரே அளவு ஆபத்துடையன அல்ல. 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் பாளம் பெரும்பாலும் நழுவுவதில்லை. மிகச் செங்குத்தான இடத்திலோ பனி குவியாமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஆகவே, 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகவும் அஞ்சத்தக்கன. பனிச்சறுக்கு வீரர் பெரிதும் விரும்பும் சரிவுகளும் அவையே! அத்தகைய சரிவில் ஒருவர் செல்லும்போது, அவரது எடையால் அடியிலுள்ள வலுவற்ற அடுக்கு நொறுங்குகிறது. அந்நொறுங்கல் நொடிப்பொழுதில் நாற்புறமும் பரவ, பாளம் முழுவதும் பிளந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்தலும் உண்டு. உரக்கக் கூவினால் பனி சரியும் என்பது பொருந்தா நம்பிக்கை. பனியில் உலாவச் சென்று சிக்குண்டோரில் பெரும்பாலோர்க்கு, அவரோ அவர்தம் தோழரோ மிதித்த மிதியே கூற்றாயிற்று.

மலை முன்னறிவிப்பின்றிச் சீறுவது அரிது. அண்மையில் சரிந்த பனியின் சுவடு, காலடியில் எழும் ஆழ்ந்த ஓசை, பனிமேல் ஓடும் வெடிப்பு, பெரும் பொழிவு, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியன அதன் எச்சரிக்கைகள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றை ஆய்ந்து, குளிர்காலத்தில் நாள்தோறும் மக்களுக்கு அறிவிக்கின்றனர். ஐரோப்பிய நாடுகள் 1993ஆம் ஆண்டு முதல் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்துள்ளன. உயிரிழப்பு மிகுதியாக நேர்வது ஐந்தாம் படியில் அன்று, மூன்றாம் படியில்தான் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. பேராபத்து என அறிந்தால் மக்கள் வெளியே செல்லார். நடுத்தர ஆபத்து என்றாலோ, ‘நமக்கு ஒன்றும் நேராது’ எனத் துணிந்து புறப்பட்டுவிடுகின்றனர்.

ஓடும்போது நீர்போல் பாயும் பனி, நின்றவுடன் கல்போல் இறுகிவிடும். புதையுண்டவர் விரலையும் அசைக்க இயலாது. பத்து நிமிடத்திற்குள் தோண்டியெடுத்தால் பதின்மரில் ஒன்பதின்மர் பிழைப்பர். அரைமணி கடந்தாலோ மூவரில் ஒருவர் பிழைத்தலே அரிது. ஊரிலிருந்து உதவி வரும் வரை காலன் காத்திரான். அருகிலுள்ள தோழரே காத்தல் வேண்டும். ஆதலின், மலைப்பயணம் செய்வோர் ஒவ்வொருவரும் இருக்குமிடத்தை வானொலி அலையால் அறிவிக்கும் சிறு கருவி, ஆழம் தேடும் நீண்ட கோல், பனி வாரும் மண்வாரி ஆகியவற்றை உடன்கொண்டு செல்வர். ஐயத்திற்குரிய சரிவை ஒருவர் பின் ஒருவராகவே கடப்பர். ஒருவர் கடக்கும்போது மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரையே நோக்கியிருப்பர்.

இக்கருவிகள் யாவற்றினும் சிறந்தது ஒன்று உண்டு. அது, வேண்டும்போது திரும்பிவரும் மனத்திண்மை. சிகரம் கண்முன் தோன்றும். தோழர் ‘வருக’ என அழைப்பர். அந்நிலையிலும், காலடியில் எழுந்த ஓசையை மதித்துத் திரும்புவது கோழைமை அன்று, அறிவுடைமை ஆகும். மலை எங்கும் போய்விடாது. உயிரோடு மீண்டவன் மற்றொரு நாள் அதன்மேல் ஏறலாம்.