தலைகீழா தொங்குறவன் முகத்துல ஏன் வலி இல்ல?

போன வருஷம் என் ரூம்மேட்டுக்கு வேலை போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஆன்லைன்ல ஒருத்தங்ககிட்ட டாரோ கார்டு பார்த்தான். வந்தது 12ஆம் நம்பர், 'தி ஹேங்டு மேன்'. "இது காத்திருக்க வேண்டிய நேரம், எதுவும் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. இவனும் ரெண்டு மாசம் ஒரு ரெஸ்யூமே கூட அனுப்பல. எனக்கு செம கோவம். ஜாதகமே நம்பாத ஆளு நான். ஆனா அந்தப் படம் மட்டும் மண்டைக்குள்ள நின்னுடுச்சு.

இன்னைக்கு அதிகமா புழங்குற டாரோ சீட்டுக்கட்டு 1909ல லண்டன்ல வந்தது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெயிட்டோடது, 78 படங்களையும் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். (ரொம்ப காலம் கட்டோட பேர்ல பதிப்பாளர் ரைடரும் வெயிட்டும் மட்டும்தான் இருந்தாங்க. வரைஞ்சவங்க பேர் இல்ல!) படத்துல ஒருத்தன் ஒத்தைக் காலில் தலைகீழா தொங்குறான். இன்னொரு கால் மடங்கியிருக்கு, கை முதுகுக்குப் பின்னாடி. ஆனா முகம் அமைதியா இருக்கு, தலையைச் சுத்தி ஒளிவட்டம். அவன் தொங்குற மரத்துல இலை துளிர்த்திருக்கு. அது உயிருள்ள மரம்னு வெயிட்டே எழுதியிருக்கார். அதனாலதான் தியாகம், புதுப் பார்வைன்னு இதுக்கு அர்த்தம் சொல்றாங்க.

ஆனா இந்த கார்டோட பழைய கதை வேற. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில டாரோ வெறும் சீட்டாட்டம். இதை வச்சு குறி சொல்றது பரவலானது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்லதான். இத்தாலியில இந்த கார்டுக்கு இருந்த ஒரு பேர் 'துரோகி'. அங்க துரோகிகளையும், கடன் கட்டாம ஓடினவங்களையும் பொதுச்சுவர்ல படமா வரைஞ்சு அவமானப்படுத்துவாங்க, பல நேரம் இதே மாதிரி தலைகீழா. ஆள் தப்பிச்சாலும் மானம் தப்பாது. 1478ல ஃப்ளாரன்ஸ்ல மெடிச்சி குடும்பத்துக்கு எதிரா சதி பண்ணினவங்களை அப்படிச் சுவர்ல வரைஞ்சவர் யார் தெரியுமா? போட்டிச்செல்லி!

எங்க பாஷையில சொன்னா, இன்டர்ஃபேஸ் அதேதான், இம்ப்ளிமென்டேஷன் மொத்தமா வேற. ஊர் ஒருத்தனைத் தொங்கவிட்ட படம், ஒளிவட்டம் வந்ததும் அவனே விரும்பித் தொங்குற படமா மாறிடுச்சு. குறி சொன்னவங்க பார்த்தது ரெண்டாவது படம். வேலையை விட்டுத் தூக்கப்பட்டவன்கிட்ட அதைக் காட்டி 'அமைதியா இரு'ன்னு சொல்றது எனக்கு அநியாயமாத்தான் படுது. அவன் ஒண்ணும் விரும்பித் தொங்கலையே! அது போக, சும்மா இருன்னு அந்தப் படத்துல எங்கயும் எழுதியும் வைக்கல.

இந்தக் கதையை அவன்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துட்டு, "மச்சி, எனக்கு அந்தச் சுவர்ல தொங்குற மாதிரிதான்டா இருக்கு"ன்னான். வேலை போனது வீட்டுக்கே தெரியாதுன்னு அப்போதான் எனக்குத் தெரியும். வீடியோ கால் வந்தா ஆபீஸ் சட்டையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

அன்னைக்கு நைட்டே அப்பாவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னான். ரெஸ்யூமே அனுப்ப ஆரம்பிச்சது அடுத்த வாரம்.